பொரிவிளங்காயில் சிக்கிய நான்கு பற்கள்

பொரிவிளங்காய் உருண்டையில் நான்கு பற்கள் சிரித்துக்கொண்டிருந்தன.

மேல்வரிசை முன்பற்கள். நான்கும் ஒரு சிவந்த ரப்பர் தகட்டில் பொருத்தப்பட்டு, உருண்டைக்குள் பாதி புதைந்து, அசையாமல் நின்றன. கடித்த ஆள் போய்விட்டார், கடித்த பல் மட்டும் தங்கிவிட்டது. பதினைந்து வருடமாகத் துப்புத் துலக்கிவரும் சூசைமுத்து, திருடன் செருப்பை விட்டுப் போனதைப் பார்த்திருக்கிறார், துண்டை விட்டுப் போனதையும் பார்த்திருக்கிறார். சிரிப்பை விட்டுப் போனவனை இன்றுதான் பார்க்கிறார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நகை பறிகொடுத்த கல்யாண வீட்டில் நின்று சந்தோஷப்படுவது அழகல்ல என்பதால், ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை உறிஞ்சி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"நல்ல உருண்டைண்ணே," என்றான் அவருடைய உதவியாளன் கருத்தக்கண்ணன். "இதை அடுக்கி வீடு கட்டலாம்."

"ஏலே, சும்மா இரு."

கருத்தக்கண்ணன் முன்பு மாட்டுத் தரகன். மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்ததும் வயதைச் சரியாகச் சொல்லிவிடுவான். வாங்குகிறவரிடமும் அதையே சொன்னதால் தொழில் படுத்துவிட்டது.

வீட்டுக்காரர் இருதயம் ஜெயமங்கலத்தில் ஏலக்காய் வியாபாரி. மறுநாள் காலை மாதா கோயிலில் அவருடைய மகள் ஞானசெல்விக்குக் கல்யாணம். பெண்ணுக்குப் போட வேண்டிய அட்டிகையை ஓர் ஓலைப்பெட்டியில் வைத்துப் பலகார அறையில் வைத்திருந்தார், பூட்டுள்ள அறை அந்த வீட்டில் அது ஒன்றுதான். விடிந்து பார்த்தால் பெட்டி திறந்து கிடக்கிறது, அட்டிகையைக் காணோம், தரையில் இந்த உருண்டை. அறைச்சாவி இருந்தது சமையல்காரி ராக்கம்மாளின் இடுப்பில்.

"அறையத் தெறந்துட்டுத் தண்ணி எடுக்கப் போனேங்கிறா," என்றார் இருதயம். "இவ தெறந்து விட்டிருக்கா, பல்லுக்காரன் உள்ள பூந்திருக்கான். சாயங்காலம் பெரியகுளத்துல இருந்து ஏட்டு வாராக. அதுக்குள்ள நீங்க பல்லுக்காரனக் கண்டுபிடிச்சா அவனையும் சேத்துக் கூட்டிட்டுப் போகட்டும். இல்லாட்டி இவ மட்டும் போகட்டும்."

ராக்கம்மாள் அடுப்படித் தூணில் சாய்ந்து நின்றாள். நாற்பது வயது. ஜெயமங்கலத்தில் எந்த விசேஷம் என்றாலும் கரண்டி அவள் கையில்தான். ஸ்டேஷன் படியை ஒரு தடவை மிதித்துவிட்டால் போதும், குற்றம் இல்லை என்று திரும்பி வந்தாலும் பிறகு எந்த வீடும் அவளை அடுப்படிக்குள் விடாது. அவள் பிழைப்பே அந்த அடுப்படிதான்.

சூசைமுத்து உருண்டையை அவளிடம் நீட்டினார். "இதப் பார்த்திருக்கியா ஆத்தா?"

"உருண்டை நான் பிடிச்சது."

"பல்லு?"

"தெரியாது."

அதற்குமேல் அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. உள்ளறை வாசலில் மணப்பெண் ஞானசெல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண் சிவக்க நின்றாள். நகையை நினைத்து அழுகிறது பிள்ளை என்று உறவுக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

சூசைமுத்து உருண்டையை வெளிச்சத்தில் திருப்பினார். பல்லைச் சுற்றிலும் மெல்லிய கீறல்கள். யாரோ கூரான ஒன்றை வைத்து அந்தப் பல்லை நெம்பி எடுக்கப் பார்த்து, முடியாமல் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள்.

"கருத்தா, வண்டியப் பூட்டு. இந்தச் சீமையில பல்லு கட்டுறவரு ஒருத்தர்தான் இருக்காரு."

வண்டி வராக நதிக்கரையோடு பெரியகுளத்துக்கு ஓடியது. கருத்தக்கண்ணன் ஒரு கையில் கயிறும் மறுகையில் உருண்டையுமாக உட்கார்ந்திருந்தான்.

"வயசு சொல்லட்டாண்ணே? தேய்மானமே இல்ல. சின்ன வயசு, நல்லா உழைக்கும்."

"ஏலே, இது பீங்கான். பீங்கான் எங்கன தேயும்?"

"அதானே பார்த்தேன். அதோட மாட்டுக்கு மேல்வாயில முன்பல்லே கெடையாது. இருபது வருசமா கீழ்வாய மட்டும் பார்த்துப் பழகிட்டேன். மேல்வாய் எனக்குத் தெரியாத ஊருண்ணே."

"தெரிஞ்சத நான் சொல்றேன். வெத்தலைக் கறை இல்ல."

"அப்ப ஊர்ல முக்காவாசிப் பேரு தப்பிச்சாக."

பல் கட்டும் சுருளிவேலுக்குத் தென்கரையில் ஒற்றை அறை. மதுரையில் பல் வைத்தியம் பார்த்த ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் கைவேலை பழகி வந்தவர். சுவரில் கண்ணாடி, மேசையில் ஒரு தகரப்பெட்டி, பெட்டிக்குள் மெழுகுப் பட்டையில் வரிசையாகக் கப்பலில் வந்த பீங்கான் பற்கள். உருண்டையைப் பார்த்ததும் மனிதர் பதறி எழுந்துவிட்டார், காணாமல்போன பிள்ளை கிடைத்தது போலத்தான்.

"யாரு இதப் பொரிவிளங்காயில வச்சுக் கடிச்சது? இட்லி திங்கிறதுக்குக் கட்டிக் குடுத்த பல்லு இது."

வெந்நீரை ஊற்றி ஊற்றி, பாகை இளக்கி, அரை நாழிகையில் தகட்டைப் பழுதில்லாமல் எடுத்துவிட்டார். ஒரு துணியில் துடைத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அவர் கண்ணில் அப்படி ஒரு பெருமை.

"யாருக்குக் கட்டுனீக?" என்றார் சூசைமுத்து.

"சுருளிமலையான் மேல சத்தியம் வாங்கிட்டாக. பேரு கேக்காதீக."

"பேரு வேண்டாம். பல்லப் பத்திப் பேசுவோம். இந்த வடிவத்த எப்படித் தேர்ந்தெடுத்தீக?"

பல்லைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று பல வருடமாகக் காத்திருந்தவர் சுருளிவேல். முகம் மலர்ந்துவிட்டது.

"முகத்தத் தலைகீழாக் கவுத்துப் பாருங்க, அதுதான் முன்பல்லு. கடிக்கிற ஓரம் நெத்தி, ஈறுப் பக்கம் தாடை. உங்க கூட வந்திருக்காரே, இவரு மூஞ்சி சதுரம். பல்லும் சதுரமாத்தான் இருக்கும்."

கருத்தக்கண்ணன் கண்ணாடியில் பல்லைக் காட்டிப் பார்த்தான். "அண்ணே, இவரு என்னையச் செங்கல்லுங்கிறாரு."

"உருண்டை மூஞ்சிக்குச் சதுரப் பல்ல வச்சா, அடுத்தவுக வாயை இரவல் வாங்கி மாட்டுன மாதிரி இருக்கும். இந்தப் பல்லப் பாருங்க. ஓரம் அகலம், ஈறுப் பக்கம் சுருங்கி வருது. நெத்தி அகலம், தாடை கூர்ந்த முகம்."

"அப்படி ஒரு முந்நூறு பேரு இருப்பாகளே," என்றான் கருத்தக்கண்ணன்.

சூசைமுத்து தகட்டை வாங்கிப் பார்த்தார். மூன்று பற்கள் ஒழுங்காக இருந்தன. இடது ஓரத்தில், பெரிய முன்பல்லுக்கு அடுத்தது மட்டும் சின்னஞ்சிறியதாக, நுனி கூர்ந்து, அரிசியை நட்டுவைத்த மாதிரி நின்றது. அவர் வேண்டுமென்றே உதட்டைப் பிதுக்கினார்.

"வேலை சுத்தமில்ல. கடைசிப் பல்லு பத்தாமப் போச்சோ? கெடைச்சத வச்சு ஒப்பேத்திட்டீகளோ?"

சுருளிவேலுக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "ஒப்பேத்துறதா? பெட்டி நெறையப் பல்லு இருக்கு. இந்த ஒரு பல்ல அரிசிப்பல்லா ஆக்குறதுக்கு மூணு நாள் அரத்தப் போட்டு ராவுனேன். பொறந்ததுல இருந்து அவுக வாயில அரிசிப்பல்லு. ஊரே பார்த்த சிரிப்பு. நாலையும் ஒண்ணு போல வச்சா அழகா இருக்கும், ஆனா அவுக முகமா இருக்காதே. பழைய சிரிப்பு வேணும்னு உக்காந்து அழுதாக. கூட வந்த அம்மாவும் சேந்து அழுதாக."

"கூட வந்த அம்மா," என்றார் சூசைமுத்து மெதுவாக.

சுருளிவேல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பல்லைப் பற்றிப் பேசியவர் ஆளைப் பற்றியும் பேசிவிட்டார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

திரும்பும் வழியில் சூசைமுத்து வண்டியிலேயே துள்ளினார். "பொய்ப் பல்லுக்காரனத் தேடுறோம்னு நெனச்சேன், தப்பு. ஊரு தெனமும் பார்த்துப் பழகுன சிரிப்பத் தேடணும். அச்சு அசலா அதே மாதிரி இருந்ததாலதான் யாரும் கண்டுபிடிக்கல. அரிசிப்பல்லுக்காரக யாரு கருத்தா?"

"யாரு வாயையும் நான் உத்துப் பார்த்ததில்லண்ணே, அடிப்பாக. ஆனா ஒண்ணு. கொம்பு வளைவு அப்பன் மாதிரியே கன்னுக்கும் வரும். பல்லும் அப்படித்தான் இருக்கும். ஆளு கெடைக்காட்டியும் வம்சம் கெடைக்கும்."

"பார்றா. அப்ப அத்தனை பேரு பல்லையும் பார்க்கணுமே."

"அது என் வேலை," என்றான் கருத்தக்கண்ணன்.

மாலை வெயில் சாயும்போது கல்யாண வீட்டு முற்றத்தில் நாற்பது பேர் தோரணம் கட்டுவதும் தேங்காய் உரிப்பதுமாக இருந்தார்கள். எல்லார் முகமும் உப்புச்சப்பில்லாமல் இருந்தது. கருத்தக்கண்ணன் நடுவில் கவிழ்த்திருந்த ஓர் உரலின் மேல் ஏறி உட்கார்ந்து, யாரும் கேட்காமலே ஆரம்பித்தான்.

"தேவதானப்பட்டிச் சந்தையில ஒரு கெழட்டுக் காளை வித்தேன். வாங்க வந்தவரு பெரிய மனுசன், தலையில சரிகைத் தலைப்பாகை. பல்லு இருக்கான்னு கேட்டாரு. இருக்குன்னு சொன்னா பொய், இல்லன்னா யாவாரம் போச்சு. நீங்களே குனிஞ்சு பாருங்கன்னேன். குனிஞ்சாரு. காளை தலைப்பாகையக் கவ்விருச்சு. அவரு இழுக்க, அது இழுக்க, சந்தையே வேடிக்கை பார்க்குது. பல்லு இருக்கா இல்லையா, நீங்களே சொல்லுங்க மாமான்னேன். அந்தக் காளைய அவரு வாங்கித்தான் ஆக வேண்டியதாப் போச்சு. தலைப்பாகையில முக்காவாசி அது வயித்துக்குள்ள."

முற்றம் முழுக்கச் சிரிப்பு. தேங்காய் உரித்தவர்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். கவலையே உருவாக நின்ற இருதயமும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். தூண் மறைவிலிருந்து வாய் வாயாகப் பார்த்துக்கொண்டே வந்த சூசைமுத்துவின் கண் அங்கே நின்றது. இருதயத்தின் மேல்வரிசையில், இடது பக்கம், சின்னதாக ஓர் அரிசிப்பல்.

கருத்தக்கண்ணன் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தான். "அண்ணே, களவாணி வீட்டுக்காரரேதான்."

சூசைமுத்து ஒரு பொரிவிளங்காய் உருண்டையை எடுத்து இருதயத்தின் கையில் கொடுத்தார். காலையிலிருந்து கவலையில் பட்டினி கிடந்த மனிதர் எதுவும் கேட்காமல் முன்பல்லாலேயே கடித்தார். உருண்டைதான் உடைந்தது. பல் அத்தனையும் சொந்தப் பல்.

"வம்சம் கெடைச்சிருச்சு," என்றார் சூசைமுத்து. "இப்பச் சிரிக்காதது யாருன்னு பாரு."

உள்ளறை வாசலில் ஞானசெல்வி இன்னும் முந்தானையால் வாயைப் பொத்தியபடி நின்றாள். தோள் இரண்டும் குலுங்கின. உறவுக்காரர்கள் அழுகை என்று நினைத்தார்கள். அவள் கண்ணில் நீர் வழிய வழிய, காளைக் கதையை நினைத்து மூச்சுமுட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள். அகன்ற நெற்றி, கூர்ந்த தாடை. அடுப்படித் தூணருகே நின்ற ராக்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணையே பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லைப் பார்த்ததும் அவளுக்குக் காலையிலேயே ஆள் தெரிந்துவிட்டது என்பதும், தெரிந்துதான் வாயைத் திறக்கவில்லை என்பதும் சூசைமுத்துவுக்கு அப்போது புரிந்தது.

மணப்பெண்ணை மாட்டுக்கொட்டத்துப் பக்கம் கூப்பிட்டுத் தகட்டைக் காட்டினார். ஞானசெல்வி மறுக்கவில்லை.

"மாசியில ஊஞ்சல்ல இருந்து விழுந்தேன்," என்றாள். சொல்லெல்லாம் காற்றோடு கலந்து வந்தது. "அப்பா ஏலத்தோட்டத்துக்கு மலைக்குப் போயிருந்தாக. பொண்ணு பார்க்க வர்ற நேரம். ராக்கம்மாக்காதான் யாருக்கும் தெரியாமக் கூட்டிட்டுப் போனாக. வந்தவுக என் சிரிப்பப் பார்த்துத்தான் சரின்னாக."

"இது எப்படி இங்கன சிக்குச்சு?"

"அவுக வீட்டு வழக்கமாம். கல்யாணத்துக்கு முந்துன நாள் மாமியா குடுக்கிற பொரிவிளங்காயப் பொண்ணு எல்லாரு முன்னாடியும் கடிச்சுக் காட்டணும். தாங்குமான்னு கடிச்சுப் பழகிப் பார்க்கப் போனேன். சிக்கிருச்சு. அட்டிகைக் கொக்கிய வச்சு நெம்புனேன். ஆள் வர்ற சத்தம் கேட்டுச்சு. அட்டிகைய உருண்டை அண்டாக்குள்ள சொருகிட்டு ஓடியாந்துட்டேன். வாயத் தெறந்தா நகை இருக்கிற எடத்தச் சொல்லிரலாம். வாயத் தெறந்தாக் கல்யாணம் நின்னுபோகும்."

"இந்தா, போட்டுக்க ஆத்தா," என்றான் கருத்தக்கண்ணன். "வர்ற வழியில பல்லு ஆத்துல விழுந்துருச்சுன்னு சொல்லிருவோம்."

அவள் தகட்டை வாங்கினாள். வாய்வரை கொண்டுபோனாள். அதற்குள் வாசலில் இரண்டு வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. முதல் வண்டியில் மாப்பிள்ளையின் அம்மா மதலேனாள். இரண்டாவது வண்டியில் ஏட்டு.

"பேசாம நில்லு. ரெண்டு பேரையும் காப்பாத்திருவோம்," என்று சொல்லிவிட்டு சூசைமுத்து ஓடினார்.

நேராகப் பலகார அறைக்குப் போய் அண்டாவுக்குள் கையை முழங்கைவரை விட்டுத் துழாவினார். பாகு ஒட்டிய அட்டிகையைத் தூக்கிப் பிடித்து, முற்றத்துக்கு வந்து, "நகை வீட்ட விட்டுப் போகவே இல்ல," என்றார்.

கூட்டம் பெருமூச்சு விட்டது. இருதயம் விடவில்லை. "அப்ப இவதான் ஒளிச்சு வச்சிருக்கா, பல்லுக்காரன் அப்புறமா வந்து எடுத்துக்கிறதுக்கு."

"பல்லு யாரோடது?" என்று கேட்டார் ஏட்டு. "அதத் தெரியாம நான் இந்தம்மாவ விட முடியாது."

கருத்தக்கண்ணன் ஓர் எட்டு முன்னால் வந்தான். "என்னோடது."

"வாயத் தெற."

திறந்தான். முப்பத்திரண்டும் செங்கல் செங்கலாக நின்றன.

"அது உபரிங்க," என்றான்.

ஏட்டு அவனை ஒதுக்கிவிட்டு ராக்கம்மாளைப் பார்த்து, "நட," என்றார். ராக்கம்மாள் கரண்டியை அடுப்புத் திண்டில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் சொருகினாள். போகும்போது உள்ளறை வாசலைப் பார்த்து, வேண்டாம் என்று ஒரே ஒருமுறை தலையசைத்தாள்.

ஞானசெல்வி முந்தானையை இறக்கிவிட்டு நடுமுற்றத்துக்கு வந்தாள். தகடு கையில்தான் இருந்தது, வாயில் இல்லை.

"அக்கா எடுக்கல. அட்டிகைய அண்டாவுல போட்டது நான். இது என் பல்லு."

தேங்காய் உரித்த கைகள் நின்றுபோயின. நாலு பல் இல்லாத அந்த வாயை முற்றமே பார்த்தது. இருதயத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் முதலில் மகளைப் பார்த்தார், பிறகு சம்பந்தியம்மாளைப் பார்த்தார், கடைசியில் ராக்கம்மாளிடம் போய் நின்றார்.

"தெரிஞ்சுமா பேசாம இருந்த?"

"பிள்ளை கல்யாணம்," என்றாள் ராக்கம்மாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"தப்பு என் மேல. எல்லாருக்கும் கேக்கட்டும், தப்பு என் மேல," என்றார் இருதயம். ஏட்டு வந்த வண்டி வெறுமனே திரும்பிப் போனது.

மதலேனாள் எந்நேரமும் முந்தானையை வாயோரம் பிடித்துக்கொண்டு பேசுகிற பெரிய வீட்டு மரியாதைக்காரி. கல்யாணத்தை நிறுத்துகிற சொல் வரப்போகிறது என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் ஞானசெல்வியிடம் வந்து, தாடையைப் பிடித்து நிமிர்த்தி, வாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.

"பொண்ணு பார்க்க வந்தப்ப நான் பார்த்தது பீங்கானா?"

"ஆமா அத்தை."

"எனக்குத் தெரியவே இல்லையே." தகட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயிலிருந்து இறக்கினாள். மேல்வாயில் நடுப்பல் இரண்டும் இல்லை. "எம் மாமியா குடுத்த உருண்டையிலதான் போச்சு. இருபத்தாறு வருசமாச்சு."

ராக்கம்மாள் அழுகையை மறந்துவிட்டுக் கேட்டாள். "அப்புறம் ஏம்மா இந்தப் பிள்ளைக்கும் அதையே குடுக்க வந்தீக?"

"நான் மட்டும் பொத்திக்கிட்டுத் திரியணுமான்னு ஒரு ஆத்திரம்தான்," என்றாள் மதலேனாள். தான் கொண்டுவந்த பொரிவிளங்காய் ஓலைக்கொட்டானைத் தூக்கிக் கருத்தக்கண்ணனிடம் கொடுத்து, மாட்டுக்குப் போடச் சொன்னாள். பிறகு சூசைமுத்து பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பல்லுக்காரரு எந்தத் தெருவுல இருக்காக? நாளைக்குக் கோயில் மணி அடிக்கிறதுக்குள்ள எனக்கும் ரெண்டு கட்டிருவாகளா?"